பெக்துர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்

பள்ளிக்கூடத்தைச் சூடாக வைத்திருக்கும் பெரிய குழாய் ஜனவரி மாதத்தில் வெடித்தது. அது வெயில் காலத்தில் வெடித்ததாக வரலாறே கிடையாது.

உள்ளே இருந்த வெந்நீர் முழுவதும் முற்றத்தில் பாய்ந்தது. நாரின் ஆற்றங்கரைக் குளிர் சும்மா இருக்குமா? விடிவதற்குள் அதைக் கண்ணாடிபோல் இறுக்கிவிட்டது. வகுப்பறைகளெல்லாம் குளிர்பெட்டிகளாகிவிட்டன. முற்றமோ ஊரிலேயே அழகான பனிச்சறுக்கு மைதானமாகிவிட்டது.

தலைமையாசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். துணைத் தலைமையாசிரியர் துருஸ்பெக் அகாய் அப்படி உட்காருகிற ஆள் இல்லை. (அந்த ஊரில் ஆசிரியரை அகாய் என்றும் ஆசிரியையை எஜேகே என்றும்தான் அழைப்பார்கள்.) அவர் உடனே மாகாணக் கல்வி அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார்.

"எமது பள்ளி, சொந்த முயற்சியில், அரசுக்கு எவ்விதச் செலவுமின்றி, நவீன பனிச்சறுக்கு மைதானம் ஒன்றை அமைத்துள்ளது."

குழாயைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

குழாய் சரியாகும்வரை பாடமெல்லாம் போனில்தான் என்று முடிவாயிற்று. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் புருலாய்க்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. காலையில் இருட்டோடு எழுந்து கம்பளிக்கு மேல் கம்பளி மாட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். அவளுக்கு இருந்த வருத்தம் வேறு. பள்ளி முற்றத்தில் அவ்வளவு பெரிய பனி கிடக்கிறது. அதில் அவளால் சறுக்க முடியவில்லை.

அவளிடம் சறுக்குக் காலணி இருந்தது. பெரியம்மா மகன் போட்டுப் போட்டுச் சலித்துப்போய் அவளுக்குக் கொடுத்தது. இரண்டு ஜோடிக் காலுறை மாட்டினால் கச்சிதமாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு முன்னால் சறுக்குவாள், பின்பக்கமாகச் சறுக்குவாள், ஒற்றைக் காலில் வட்டம் போடுவாள். ஆனால் எல்லாம் வீட்டுக்குப் பின்னால், வாளித் தண்ணீர் சிந்தி உறைந்துபோன ஒரு பாய் அகலத்துக்குள்தான். பள்ளி முற்றத்தில் மதியம் ஹாக்கி, சாயங்காலம் ஹாக்கி, விளக்குப் போட்ட பிறகும் ஹாக்கி.

"நாங்களும் ஒரு மணி நேரம் சறுக்கிக்கிறோமே, பெக்துர்," என்று அவள் கேட்டுத்தான் பார்த்தாள்.

பெக்துர் பக்கத்து வீட்டுக்காரன். அவளோடு ஒரே வகுப்பு. நல்ல பையன்தான், தொண்டைதான் கொஞ்சம் பெரியது.

"மேட்ச் முடியட்டும்," என்றான்.

"எப்ப முடியும்?"

"வசந்தத்துல," என்றவன், போகிற போக்கில் தன் கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "சும்மாதானே நிக்கிறே, இதைக் கொஞ்சம் பிடி."

திங்கட்கிழமை காலை. திரையில் குல்பாரா எஜேகே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எஜேகே வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. குரல் மென்மை, கையெழுத்து அழகு, துருஸ்பெக் அகாயைக் கண்டால் லேசாக நடுக்கம்.

அந்த அகாய்தான் இப்போது திடீரென்று திரையில் வந்து குதித்தார். அவருக்குப் பின்னால் பனிமலை, கழுகு, தேசியக்கொடி எல்லாம் தெரிந்தன. அதெல்லாம் படம். அவர் லேசாக அசைந்தால் ஒரு காது மலைக்குள் போய்விட்டுத் திரும்பி வரும்.

"மாணவச் செல்வங்களே," என்று தொடங்கினார். அகாய் வீட்டில் உப்பு கேட்டாலும் மேடையில் நின்று கேட்பதுபோல்தான் கேட்பார். "வரும் வெள்ளிக்கிழமை இவ்வகுப்பில் திறந்த வகுப்பு நடைபெறும். மாகாணக் கல்வி அலுவலகத்திலிருந்து மதிப்புக்குரிய ரைஸா ஒமுரோவ்னா இணைகிறார். விவாதத் தலைப்பு: 'எங்கள் பனி மைதானத்தை எவ்வாறு பயன்படுத்துவோம்?' அன்று நீங்கள் எடுக்கும் முடிவை நான் கையெழுத்திட்டுப் பள்ளி வாசலில் ஒட்டுவேன். குளிர்காலம் முடியும்வரை அதுவே சட்டம்!"

புருலாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திறந்த வகுப்பு என்றால் அதிகாரிகள் வந்து பார்க்கும் வகுப்பு. அதில் திறந்திருப்பது கதவு மட்டும்தான். யார் எந்தக் கேள்வி கேட்பது, யார் என்ன பதில் சொல்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே பூட்டிச் சாவியை அகாய் பையில் போட்டுக்கொள்வார்.

"இன்னொன்று," என்று அகாய் குரலைத் தாழ்த்தினார். "இதுவரை நடந்த வகுப்புகளின் பதிவுகளை ஆராய்ந்தேன். மாணவர்கள் பேசுகிறார்கள். மாணவிகள் பேசுவதே இல்லை. இதற்குக் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். பெண்பிள்ளைகள் இயல்பிலேயே அமைதியானவர்கள். இது மலைக்காற்றின் விளைவு."

அதே மலைக்காற்றுதானே பெக்துர் வீட்டிலும் அடிக்கிறது என்று புருலாய் நினைத்தாள். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு ஊற்ற, கையில் தேநீர்க் கெண்டி இருந்தது.

"கவலை வேண்டாம். மாணவிகள் என்ன பேச வேண்டும் என்பதை நானே எழுதி அனுப்புகிறேன்," என்று சொல்லிவிட்டு அகாய் மறைந்தார். கழுகு மட்டும் ஒரு நொடி பின்தங்கி, பிறகு அதுவும் போயிற்று.

மறுநாள் வசனங்கள் வந்து சேர்ந்தன. பெக்துருக்கு ஒரு முழுப் பக்கம். மற்ற பையன்களுக்குப் பாதிப் பக்கம். பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வரி.

"பெக்துர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்."

புருலாய் தன் தோழி மீரிமுக்குப் போன் போட்டாள்.

"உனக்கு என்ன வந்திருக்கு?"

"முழுமையாக ஏற்கிறேன். உனக்கு?"

"எனக்கும் அதான். அவன் என்ன சொல்லப் போறான்னு தெரியுமா? முழுக்க முழுக்க ஹாக்கியாம். அதை நாம ஏத்துக்கணுமாம்."

"ஏத்துக்கிட்டுப் போவோம்டி. ஒரு வரிதானே," என்றாள் மீரிம்.

"ஏன்டி இப்படிச் சொல்றே? போன வருஷம் நீதான் வகுப்புல எல்லாத்துக்கும் முதல்ல கை தூக்குவே. எஜேகே கேள்வியையே கேட்டு முடிச்சிருக்க மாட்டாங்க."



"அன்னிக்கு எங்க கழுதை கத்துச்சே, ஞாபகமில்லையா உனக்கு?" என்றாள் மீரிம்.

புருலாய்க்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போன் வகுப்பு தொடங்கிய புதிதில், மீரிம் ஆறுகளைப் பற்றி அருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே அவர்கள் வீட்டுக் கழுதை தன் கருத்தைத் தெரிவித்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு, மீரிம் வாயைத் திறந்தாலே பையன்கள் கழுதைப் படமாக அனுப்பித் தள்ளினார்கள்.

"பெக்துர் வீட்டுலயும்தான் ஆடு கத்துது. அவன் பாட்டுக்குப் பேசுறான்," என்றாள் புருலாய்.

"அவன் ஆட்டைவிடச் சத்தமாப் பேசுறான். என்னால கழுதையைவிடச் சத்தமாப் பேச முடியாது."

புருலாய் மற்ற தோழிகளையும் கேட்டுப் பார்த்தாள். சல்தனத் மடியில் தங்கச்சிப் பாப்பா. மைக்கைத் திறந்தால் பாப்பா அழுவது கேட்கும். இன்னொருத்தி வாயைத் திறப்பதற்குள் நாலு பையன்கள் பேசி முடித்துவிடுகிறார்கள். புருலாய் கதையும் ஏறக்குறைய அதுதான். மலைக்காற்றைப் பற்றி மட்டும் யாருமே சொல்லவில்லை.

புருலாயின் அப்பா கணவாய் வழியாகச் சிற்றுந்து ஓட்டுபவர். பனி விழுந்து கணவாய் மூடிக் கிடந்ததால் அப்பா வீட்டில் இருந்தார். அதே கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரரான தாலாய் மாமாவும் இங்கேயே மாட்டிக்கொண்டார். அம்மாவின் அண்ணன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, விடிந்ததும் கிளம்பிவிடுவாள். ஆக, காலை முழுவதும் மாமாவைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றுவது புருலாயின் வேலை. ஒரு காதில் பாடம், ஒரு காதில் மாமாவின் கதை, கையில் கெண்டி.

அன்று சாயங்காலம் பெக்துர் வந்து கதவைத் தட்டினான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"புருலாய், எனக்கு இது மண்டையில ஏறவே மாட்டேங்குது. கேளேன். 'இளந்தலைமுறையின் உடல்வலிமையே தேசத்தின் முதுகெலும்பு என்பதனால்...' இது என்ன, ஹாக்கியா, வைத்தியமா?"

புருலாய்க்குச் சிரிப்பு வந்தது. "அதைத்தான் நான் முழுமையா ஏத்துக்கணும்."

"எனக்கே புரியல, நீ எப்படி ஏத்துப்பே?"

"அகாய் எழுதினதை விடு. உனக்கு அந்த ஐஸ்ல என்ன வேணும்? உள்ளதைச் சொல்லு."

பெக்துர் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினான். அந்தத் தொண்டைக்குத் தாழ்ந்த குரலும் உண்டு என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதே. எனக்குப் பின்பக்கமாச் சறுக்கத் தெரியாது. கத்துக்கணும். ஆனா ஹாக்கி ஆடுறப்ப எப்படிக் கத்துக்கிறது? பசங்க முன்னாடி விழுந்தா மானம் போயிடும். உங்க வீட்டுக்குப் பின்னால நீ சறுக்குறதை வேலி இடுக்கு வழியாப் பார்த்திருக்கேன்."

"வேலி இடுக்கு வழியாவா?"

"ரொம்ப நேரமெல்லாம் பார்க்கலை," என்றான் பெக்துர் அவசரமாக. "சத்தியமாச் சொல்ல மாட்டேல்ல?"

"சொல்ல மாட்டேன்."

புதன்கிழமை காலை விருந்தாளிகள் நிறையப் பேர். தாலாய் மாமா வழக்கம்போல் ஓநாயைத் துரத்திய கதையில் இருந்தார். கதை சொல்லச் சொல்ல ஓநாய் வளர்ந்துகொண்டே போயிற்று. புருலாய் வாசலோரம் உட்கார்ந்து, கிண்ணங்களை நிரப்பி ஒவ்வொருவராக நீட்டினாள். நிரப்பி என்றால், கொஞ்சமே கொஞ்சம். அந்த ஊரில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணத்துக்கும் குறைவாகத்தான் ஊற்றுவார்கள். ஆறுவதற்குள் குடித்துவிட்டுத் திரும்ப நீட்டுவார், திரும்ப ஊற்றலாம். கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால், 'இதைக் குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம்.

மாமாவின் பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதர் இருந்தார். வந்ததிலிருந்து பேசவே இல்லை, கிண்ணத்தையும் நீட்டவில்லை. புருலாய் மாமாவின் கையைத் தாண்டிக் கை நீட்டி அவர் கிண்ணத்தை வாங்கினாள்.

"ஏய், நான்தானே முதல்ல கேட்டேன்!" என்றார் மாமா.

"உங்களுக்கு இது ரெண்டாவது, மாமா. அவருக்கு இன்னும் முதல் கிண்ணமே போகலை."

"அதுவும் சரிதான்," என்று மாமா ஓநாயிடம் திரும்பிப் போனார்.

புருலாய் கெண்டியைப் பிடித்தபடியே யோசித்தாள்.

இந்த மேசையில் மாமாவைவிடச் சத்தமாகப் பேசுகிறவர் யாருமில்லை. ஆனாலும் அவர் தேநீரை மொத்தமாகப் பறித்துக்கொண்டு போக முடிவதில்லை. ஏன்? கெண்டி அவர் கையில் இல்லை.

வகுப்பு முடிந்ததும் அவள் குல்பாரா எஜேகேயை அழைத்தாள்.

"எஜேகே, ஒண்ணு கேட்கலாமா? வகுப்புல யார் முதல்ல கத்துறாங்களோ அவங்கதானே பேசுறாங்க. அதை டீ மாதிரி ஊத்தினா என்ன?"

"என்னது? டீ மாதிரியா?"

"ஆமா எஜேகே. யாருக்கு இன்னும் கிடைக்கலையோ அவங்களுக்கு முதல்ல. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம். ஒரு சுத்து முடிஞ்சாத்தான் யாருக்கும் ரெண்டாவது கிண்ணம். அவங்க மைக்கைத் திறக்குறதுக்குக் கொஞ்சம் பொறுத்துக்கணும். மீரிம் வீட்டுக் கழுதை கத்தினாக் கத்திட்டுப் போகட்டும். நீங்கதான் கெண்டி பிடிக்கணும்."

எஜேகே வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நல்லாத்தான் இருக்கு, கண்ணு. ஆனா வெள்ளிக்கிழமை அகாய் வசனம் எழுதிக் கொடுத்திருக்காரே. நான் என்ன செய்ய?"

"வசனம் எழுதினார். யார் முதல்ல, யார் அடுத்ததுன்னு எழுதினாரா?"

எஜேகே தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. முன்பக்கம், பின்பக்கம். மறுபடியும் முன்பக்கம்.

"எழுதலையே!" என்றார் எஜேகே. நடுக்கம் குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. திரையில் எல்லா முகங்களும் சீவிச் சிங்காரித்து உட்கார்ந்திருந்தன. ரைஸா ஒமுரோவ்னா குட்டை முடியும் தடித்த கண்ணாடியுமாக இருந்தார். பின்னால் மலையுமில்லை, கழுகுமில்லை. ஓர் அலமாரியும் ஒரு வாடிய செடியும்தான். அகாய் அவரை வரவேற்றுப் பேசினார். செடி இன்னும் கொஞ்சம் வாடியது.

"விவாதத்தைத் தொடங்கலாம்," என்று அகாய் பெருமையோடு சொல்லித் தன் மைக்கை அணைத்துக்கொண்டார்.

பெக்துர் தொண்டையைச் செருமினான். ஆனால் எஜேகே சொன்னார்:

"இதுவரைக்கும் குறைவாப் பேசினவங்களுக்கு முதல் வாய்ப்பு. மீரிம், நீ சொல்லும்மா. அவசரமில்லை. நான் காத்திருக்கேன்."

மீரிம் திடுக்கிட்டாள். மைக்கைத் தேடித் திறந்தாள். எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள்.

"பெக்துர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்."

ரைஸா ஒமுரோவ்னா கண்ணாடியைச் சரிசெய்தார். "மகிழ்ச்சி. பெக்துர் என்ன சொன்னான்?"

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே!" என்றான் பெக்துர்.

"அடுத்து, சல்தனத்," என்றார் எஜேகே.

"நானும் பெக்துர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்," என்றாள் சல்தனத். வேறென்ன செய்வாள், பாவம்?

"அவன் இன்னும் சொல்லவே இல்லையே, அம்மா," என்றார் ரைஸா ஒமுரோவ்னா.

"சொன்ன பிறகு, ஏற்கிறேன்."

அகாய் பொங்கி எழுந்தார். கைகளை வீசினார், விரலை ஆட்டினார், வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது. இரண்டு காதுகளும் மாறி மாறி மலைக்குள் போய்வந்தன. ஒரு சத்தமும் வரவில்லை.

"அகாய், மைக்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

அகாய் எதையோ அமுக்கினார். கொடி போய்க் கடற்கரை வந்தது. தென்னை மரத்தடியில் நின்றபடி, சத்தமில்லாமல், அவர் தொடர்ந்து முழங்கினார்.

"அடுத்து, புருலாய்," என்றார் எஜேகே.

புருலாயின் விரல் மைக் பொத்தானுக்கு மேலே நின்றது. அவளுக்குப் பின்னால் தாலாய் மாமா ஓநாயை மலை உச்சிவரை துரத்திக்கொண்டு போயிருந்தார். இப்போது திறந்தால் அத்தனையும் மாகாணத்துக்கே கேட்கும். நாளைக்கு அவளுக்கு ஓநாய்ப் படமாக வந்து குவியும். எழுதிக் கொடுத்த ஒரு வரியைச் சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். பனியும் முடிந்துவிடும்.

அமுக்கினாள்.

"புருலாய்! டீ எங்கே, பொண்ணே?" என்ற மாமாவின் குரல் எல்லோருடைய போனிலும் இடிபோல் விழுந்தது.

யாரோ சிரித்தார்கள். புருலாயின் காது சூடாயிற்று. திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, நான் வகுப்புல பேசிட்டு இருக்கேன். இந்த ஒரு தடவை நீங்களே ஊத்திக்கோங்க."

அந்த வீட்டில் இப்படி ஒரு வாக்கியம் இதற்கு முன் பேசப்பட்டதே இல்லை. மாமா கெண்டியைப் பார்த்தார். ஓநாயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு துணிந்து எடுத்து அப்பாவின் கிண்ணத்தில் ஊற்றினார். பழக்கமில்லாத கை, கிண்ணம் விளிம்புவரை நிரம்பித் தளும்பியது.

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"என்னையா கிளம்பச் சொல்றே, மச்சான்? இது என் வீடு!"

போனில் வெடித்த சிரிப்பில் ரைஸா ஒமுரோவ்னாவின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சொல்லும்மா. நீயும் பெக்துர் சொல்லப்போறதை ஏத்துக்கிறியா?"

அவ்வளவு பேரும் சிரித்த பிறகு பயப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று புருலாய்க்குத் தோன்றியது.

"இல்லைங்க. எனக்குச் சறுக்கணும். எங்க எல்லாருக்கும் சறுக்கணும். குளிர்காலம் வந்தாப் போதும், பசங்க ஹாக்கி ஆடுவாங்க, நாங்க ஓரமா அவங்க கோட்டைப் பிடிச்சுட்டு நிப்போம். எங்களுக்கும் கால் இருக்கு. நாங்க கோட்டு மாட்டுற ஆணி இல்லை. தினமும் ஒரு மணி நேரம், ஐஸ்ல ஹாக்கி மட்டையே இருக்கக் கூடாது. யார் வேணா வரலாம், பசங்களும் வரலாம். கத்துக்கலாம், விழலாம். யாரும் சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

விழலாம் என்று சொன்னபோது அவள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே ஜெயித்திருக்கும். ஆனாலும் சொல்லவில்லை.

மீரிமின் மைக் திறந்தது. "எஜேகே, நான் முன்னாடி சொன்னதை வாபஸ் வாங்கிக்கலாமா? எனக்கும் அந்த ஒரு மணி நேரம் வேணும். சின்ன வகுப்புப் பிள்ளைங்களையும் அப்பத்தான் கூட்டிட்டு வர முடியும். ஹாக்கி பந்து பட்டு என் தம்பிக்கு நெத்தி..."

கழுதை கத்தியது. நீளமாக, ஆற அமர, முடிவில் ஓர் இழுவையோடு.

எல்லோரும் காத்திருந்தார்கள். எஜேகேயும் காத்திருந்தார்.

"...நெத்தி வீங்கிப்போச்சு," என்று மீரிம் முடித்தாள்.

யாரும் கழுதைப் படம் அனுப்பவில்லை. சல்தனத் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பேசினாள். பாப்பாவும் கூடவே ஏதோ பேசியது. மற்றவர்களும் பேசினார்கள். ஒரு வீட்டில் தையல் இயந்திரம் ஓடியது, ஒரு வீட்டில் ரொட்டி தீய்ந்தது. கடைசியாக எஜேகே பையன்கள் பக்கம் வந்தார்.

"பெக்துர், இப்ப நீ."

பெக்துர் அகாய் கொடுத்த தாளை எடுத்தான். 'இளந்தலைமுறையின்' என்றான். நிறுத்தினான். தாளைக் கீழே வைத்தான்.

"எனக்குப் பின்பக்கமாச் சறுக்கத் தெரியாது," என்றான் மடமடவென்று. "புருலாய்க்குத் தெரியும். மட்டை இல்லாத அந்த ஒரு மணி நேரம் இருந்தா எனக்கும் நல்லது. யாராவது சிரிச்சா இப்பவே சிரிச்சிடுங்க."

ஒரு பையன் சிரிக்க ஆரம்பித்தான். இன்னொரு பையன், "எனக்கும்தான்டா தெரியாது," என்றான். அதற்குப் பிறகு யாருக்கெல்லாம் தெரியாது என்று சொல்வதற்கே ஒரு சுற்று தேவைப்பட்டது. வகுப்பின் ஹாக்கி அணியில் பின்பக்கமாகச் சறுக்கத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை என்ற உண்மை மாகாணக் கல்வி அலுவலகத்தின் முன்னால் வெளிப்பட்டது.

"அப்ப, தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரம் மட்டை இல்லாத நேரம். எல்லாருக்கும் சம்மதமா?" என்று எஜேகே கேட்டார். குரலில் நடுக்கம் சுத்தமாக இல்லை.

வீட்டுக்கு வீடு கை உயர்ந்தது. தாலாய் மாமாவும் பின்னாலிருந்து கையைத் தூக்கினார்.

"நான் பார்த்த திறந்த வகுப்புகளிலேயே இதுதான் உண்மையிலேயே திறந்திருந்தது," என்றார் ரைஸா ஒமுரோவ்னா. "துருஸ்பெக், இந்த யோசனை யாருடையது?"

சரியாக அப்போது அகாயின் மைக் வேலைசெய்யத் தொடங்கியது.

"...என்பதை நான் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்தி வந்துள்ளேன்!" என்றார் அகாய், தென்னை மரத்தடியிலிருந்து.

சனிக்கிழமை மதியம் பள்ளி வாசலில் அட்டவணை தொங்கியது. கையெழுத்து மட்டும் அதில் கால் பக்கம். முற்றத்தில் வெயில் விழுந்து பனி பளபளத்தது.

புருலாய் இரண்டு ஜோடிக் காலுறையையும் இழுத்து மாட்டி, காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். முதல் தள்ளுக்கே முற்றத்தின் பாதியைக் கடந்துவிட்டாள். எவ்வளவு தூரம் போனாலும் வேலி இடிக்கவில்லை. மீரிம் தன் தம்பியை இழுத்துக்கொண்டு வந்தாள். சல்தனத் பாப்பாவைச் சின்னச் சறுக்குவண்டியில் வைத்துத் தள்ளினாள். பெக்துர் பின்பக்கமாகச் சறுக்கி, உடனே விழுந்தான். எழுந்து, மறுபடி விழுந்தான். மூன்றாவது தடவை விழுவதற்கு முன்னால் கொஞ்ச தூரம் போனான்.

"முழங்காலை மடக்கு!" என்று புருலாய் கத்தினாள். "தரையைப் பார்க்காதே, என்னைப் பாரு!"

"உன்னைப் பார்த்தா எங்கே விழுறேன்னு தெரிய மாட்டேங்குதே!"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறே? விழத்தானே போறே!"

நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. மட்டைகளோடு பெரிய வகுப்புப் பையன்கள் வாசலுக்கு வந்தார்கள். அட்டவணையைப் படித்தார்கள். முணுமுணுத்தார்கள். நின்றார்கள்.

ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த அம்மாவும் அவர்களோடு வாசலில் நின்றாள். கையில் கனமான பை.

"புருலாய்! போதும், வா. வீட்டுக்குப் போகலாம்!"

"ஒரே ஒரு சுத்து அம்மா! ஒண்ணே ஒண்ணு!"

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, வேலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.